அணிலுக்கு வால் எத்தனை சுற்று?



உங்கள் வீட்டுக் குழந்தைகள் தங்கள் கையால் செய்த விலங்குகளை விடுமுறைச் சிறப்பிதழுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தோம். இப்போது எங்கள் அலுவலகத்தில் மனிதர்கள் உட்கார இடமில்லை. பனை ஓலைக் கிளிகளும் வெட்டுக்கிளிகளும் ஜன்னல் கம்பியில் தொங்குகின்றன. காலித் தீப்பெட்டிகளை ஒட்டிச் செய்த யானை கணக்கருடைய மேஜையைப் பிடித்துக்கொண்டது. கூடை பின்னி மிஞ்சிய வயரில் செய்த மீன்கள் வந்திருக்கின்றன. கரிசல் மண்ணைப் பிசைந்து செய்த காளை, வரும் வழியில் ஒரு கொம்பை இழந்துவிட்டது. பனங்கொட்டையின் நாரைச் சீவாமல் விட்டு, நடுவில் முகம் வரைந்து ஒரு சிங்கம் செய்திருக்கிறான் ஒரு பையன். கிர் காட்டுச் சிங்கத்துக்குக்கூட இவ்வளவு பிடரி இருக்காது.

இவற்றோடு நூலில் பின்னிய அணில் ஒன்றும் வந்தது. உள்ளங்கையில் அடங்கும். சாம்பல் நூல், வெள்ளை வயிறு, உடம்பைவிட நீளமான வால். சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் அனுப்பியிருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் செய்தது. கூடவே ஒரு கேள்வி. அதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "சார், இத பாத்துட்டு எங்க தங்கச்சி நெட்டுல விக்கலாங்குறா. பொம்மையா செஞ்சு வித்தா ஒரு பொம்மைக்கு ஒரு காசு. செய்யுற விதத்த எழுதி வித்தா எத்தன பேரு வேணும்னாலும் வாங்குவாங்களாமே. எது நல்லது? புள்ள படிப்பு கெட்டுராதா?"

இந்த இதழின் ஆசிரியர் பக்கம் முழுவதையும் இந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன். அந்தத் தாய் பட்டாசு ஆபீஸில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், உருப்படிக் கணக்குக்குக் கூலி வாங்குகிறவர். உருப்படிக்குக் காசு, விதத்துக்குக் காசு என்று அவர் பிரித்துக் கேட்டதை, கணக்குத் தெரிந்தவர்கள்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

முதலில், கையால் விலங்கு செய்வது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. தொடர்ந்து நடந்த கட்டங்களில் கிடைத்தவற்றில் திமிலோடு கூடிய சுடுமண் காளை உண்டு. குழந்தைகள் ஆடும் சில்லு வட்டுகள் உண்டு. நூல் நூற்கும் தக்களியும் உண்டு. அந்தக் காளை பூசைக்கு வைத்ததா, பிள்ளை விளையாடியதா என்பதை அறிஞர்கள் பேசட்டும். பொம்மை, விளையாட்டு, நூல் மூன்றும் ஒரே மேட்டில் கிடைத்திருக்கின்றன என்பதே எனக்குப் போதும். அதே வெம்பக்கோட்டையைச் சுற்றித்தான் இன்று பட்டாசு ஆபீஸ்கள் நிற்கின்றன.

இன்னொன்று, நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தும் கைவினை என்று எண்ணாமல் விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி. பொன்னில் ஒன்று செய்து நிரந்தரமாக வைத்துவிடலாம். அது வசதியில்லாத கோயில் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு கிளி செய்கிறார்கள். மாதுளம்பூ அலகாகிறது. மரவள்ளி இலை உடம்பாகிறது. நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும் இறகு, அரளி மொட்டுகள் வால், காக்காப்பொன் கண். எல்லாவற்றையும் வாழை நாரால் கட்டுகிறார்கள். நாலைந்து மணி நேரம் பிடிக்கும் வேலை. மறுநாள் அந்தக் கிளி பக்தர் ஒருவர் வீட்டுக்குப் போய்விடும். இங்கே அடுத்த கிளி தொடங்கும். வழிவழியாக ஒரு குடும்பத்தார் கையில் இருக்கும் வேலை இது. எந்த இலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும், நாரை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தவை.

கிளி வாடிவிடுகிறது, செய்யும் விதம் வாடுவதில்லை. அதனால் எது சொத்து என்று கேட்டால் அந்தக் குடும்பத்துக்கு விதம்தான் சொத்து.

சிவகாசிக்கு வருவோம். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை இங்கே எல்லோருக்கும் பாடம். அவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது என்ன? எந்த மருந்தை எதோடு எவ்வளவு கலப்பது, குச்சியை எப்படி முக்குவது, எப்படி உலர்த்துவது என்ற செய்முறை. வானம் பார்த்த பூமியில் ஒரு நகரமே அதன் மேல் எழுந்தது. பின்னால் தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது, பட்டாசு வந்தது, காலண்டர் வந்தது, குட்டி ஜப்பான் என்ற பெயரும் வந்தது. செய்முறையைக் கொண்டுவந்தவர்கள் முதலாளிகள் ஆனார்கள். அதைத் தினமும் கையால் செய்தவர்கள் குரோஸ் கணக்கில் கூலி வாங்கினார்கள். ஒரு குரோஸ் என்றால் 144. பெட்டி ஒட்டினால் குரோஸுக்கு இவ்வளவு, குச்சிகளைக் கட்டையில் அடுக்கினால் கட்டைக்கு இவ்வளவு. நூறாவது பெட்டியை ஒட்டும்போதும் முதல் பெட்டிக்குக் கிடைத்த அதே காசுதான்.

அந்தக் கைகளில் குழந்தைகளின் கைகளும் இருந்தன. இதைச் சொல்லாமல் சிவகாசியில் குழந்தைகளின் கைவேலை என்று ஒரு வரிகூட என்னால் எழுத முடியாது. விடிவதற்கு முன்பே ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன ஆபீஸ் பஸ்கள் இன்று ஐம்பது வயதைத் தொட்டிருக்கும் பலருக்கு நினைவிருக்கும். ஸ்மிது கோத்தாரி 1983-ல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை அந்தக் கதையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அதைத் திரையில் காட்டியது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிய முதல் இடங்களில் சிவகாசியும் ஒன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும். பெரும்பாடுபட்டு அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குத் திருப்பினோம். நீதிமன்றம் மட்டும் செய்ததில்லை அது. வாத்தியார்கள், கிராமத்துப் பெண்கள், சத்துணவு ஆயாக்கள் என்று பல கைகள் சேர்ந்து செய்தது.

ஆகவே அந்தத் தாயின் கடைசிக் கேள்விக்கே முதல் பதில். அம்மா, கெட்டுவிடும். "மாதம் இருபது அணில் வேண்டும்" என்று ஒருவர் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து கெட ஆரம்பிக்கும். முதல் அணில் விளையாட்டு. இரண்டாவது தோழிக்கு. அதற்குப் பிறகு அதே வாலை அதே நூலில் திரும்பத் திரும்பப் பின்னுவது நீங்கள் ஆபீஸில் செய்யும் வேலைதான். மருந்து நெடி இல்லை, தீ இல்லை என்பது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் மாலை நேரம் போவது போவதுதானே? 2016-ல் திருத்திய சட்டம், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்று அனுமதிக்கிறது. எனக்கு அந்தத் திருத்தத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. உதவி எங்கே முடிகிறது, கூலி எங்கே தொடங்குகிறது என்பதை வீட்டுத் திண்ணைக்கு வந்து அளக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

பொம்மையாக விற்பதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரகத்தில் கைவினைஞராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு விலக்கு உண்டு. தொழிலாகச் செய்ய எண்ணும் பெரியவர்கள் அந்தப் பதிவை முதலில் செய்துகொள்ளுங்கள். இது தொந்தரவுக்கு வந்த சட்டம் இல்லை. ஒட்டிய கண் கழன்று குழந்தை வாய்க்குள் போகும் ஆபத்தை நினைத்தால் நியாயம் புரியும்.

இனி விதத்தை விற்பது.

ஆங்கிலத்தில் பேட்டர்ன் என்று சொல்லும் இந்தச் சரக்கு நமக்கு அந்நியமா? மார்கழி பிறப்பதற்கு முன்பே பெட்டிக்கடைகளில் தொங்கும் கோலப் புத்தகம் வேறென்ன? "15 புள்ளி, நேர்ப்புள்ளி, 15 வரிசை". "13 புள்ளி, இடைப்புள்ளி 7 வரை". இரண்டு வரி, ஒரு படம். தமிழ்நாட்டின் எந்த மூலையில் இருக்கும் பெண்ணும் இதைப் படித்துவிட்டு விடியற்காலையில் வாசலில் அந்தக் கோலத்தை அப்படியே போட்டுவிடுவாள். போட்டுக் காட்ட யாரும் நேரில் வர வேண்டியதில்லை. இந்தக் குறிப்புமுறையை எந்தக் கல்லூரியும் வகுக்கவில்லை. கோலம் போடுகிறவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்டது. அந்தப் புத்தகங்களில் எத்தனை நம் ஊர் அச்சகங்களில் ஓடின! வரைந்து கொடுத்த பெண்களில் எத்தனை பேருக்குப் பெயர் போட்டார்கள் என்பது தனிக் கதை. அதை எழுதினால் சில பழைய பதிப்பாளர்கள் என்னிடம் பேச மாட்டார்கள்.

பின்னல் செய்முறையும் இந்தக் குலம்தான். உல்லன் ஸ்வெட்டர் பின்ன நமக்கு ஊட்டிக் குளிர் கிடையாது. வெயிலுக்குப் பிறந்த ஊர் இது. ஆனால் வளைந்த மூக்குள்ள ஒற்றை ஊசியில் பருத்தி நூலைக் கொண்டு போடும் குரோஷாவுக்குக் குளிர் தேவையில்லை. நூலுக்கும் பஞ்சமில்லை, பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையத்தில் ஆலை தொடங்கிய காலத்திலிருந்து பஞ்சும் நூலும் நம் மாவட்டத்தின் சரக்கு. குரோஷாவில் சின்னச் சின்ன விலங்குகளைப் பின்னிப் பஞ்சு அடைப்பதை அமிகுருமி என்று சொல்லி உலகம் முழுக்கப் பரப்பியவர்கள் ஜப்பானியர்கள். பெரிய ஜப்பானின் வேலை குட்டி ஜப்பானுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தச் சிறுமியின் அணில் தலையைப் பிரித்துச் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் நூலை ஒரு வளையமாக்கி அதற்குள் ஆறு தையல். அடுத்த சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு போட்டால் பன்னிரண்டு. பிறகு ஒன்று விட்டு ஒன்றைப் பெருக்கினால் பதினெட்டு. இப்படிச் சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் வரும். கூட்டாமல் சில சுற்று போனால் சுவர் எழும்பும். பிறகு ஆறு ஆறாகக் குறைத்தால் உருண்டை மூடிக்கொள்ளும். மூடும் முன் பஞ்சை அடைத்துவிட வேண்டும். ஆறாம் வாய்ப்பாடு தெரிந்தால் அணிலுக்குத் தலை வந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். வகுப்பில் செய்து பார்க்கிறேன் என்று ஊசியும் நூலும் வாங்கிப் போயிருக்கிறார்.

கஷ்டம் எழுதுவதில் இருக்கிறது. "கொஞ்சம் இறுக்கிப் பின்னவும்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. எத்தனை மில்லிமீட்டர் ஊசி, என்ன தடிமன் நூல், முடிந்த அணில் எத்தனை சென்டிமீட்டர், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எத்தனை தையல் இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்று சொல்வதை இங்கிலாந்தில் டபுள் குரோஷே என்பார்கள். எந்த நாட்டுக் கணக்கு என்று முதல் வரியிலேயே சொல்லாவிட்டால், வாங்கியவர் வீட்டில் அணில் கீரிப்பிள்ளை ஆகிவிடும். எழுதி முடித்ததும், அந்த அணிலை முன்பின் பார்த்திராத இரண்டு பேரிடம் தாளை மட்டும் கொடுத்துப் பின்னச் சொல்ல வேண்டும். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே எழுத்தைத் திருத்த வேண்டும். இதில் ஒரு குழந்தை பெறும் மொழிப்பயிற்சி எந்த நோட்ஸிலும் கிடைக்காது என்பது என் கட்சி.

விற்கும் இடங்கள் இருக்கின்றன. கைவேலைச் சரக்குகளுக்கான எட்சி 2005-ல் அமெரிக்காவில் தொடங்கியது. பின்னல்காரர்களுக்கென்றே ராவெல்ரி 2007-ல் வந்தது. செய்முறையைப் பி.டி.எஃப். கோப்பாக ஏற்றி வைத்தால், நோர்வேயில் ஒருவர் நள்ளிரவில் வாங்கிக்கொள்வார். தபால் செலவில்லை, சரக்குத் தீர்வதில்லை. விலை பெரும்பாலும் சில டாலர்கள்தான் இருக்கும். மழைக்காலத்தில் வேலை நின்றாலும், தீபாவளி முடிந்து ஆபீஸ் சாத்தினாலும் அந்தத் தாள் அங்கேயே இருக்கும். 2018-ல் சரவெடிக்கும் பேரியம் கலவைக்கும் உச்ச நீதிமன்றம் போட்ட தடைக்குப் பிறகு வேலைநாள் குறைந்த வீடுகளுக்கு இது என்னவாகத் தோன்றும் என்று எனக்குப் புரிகிறது.

புரிவதால்தான் ஆசை காட்டப் பயப்படுகிறேன். அங்கே பல லட்சம் செய்முறைகள் குவிந்து கிடக்கின்றன. இலவசமாகவும் மலை போலக் கிடைக்கின்றன. கரடியும் முயலும் நாற்பது நாட்டுக்காரர்கள் எழுதிவிட்டார்கள். ஒரு செய்முறையை ஏற்றிவிட்டு நாளைக்கே காசு வரும் என்று யாராவது சொன்னால், கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் வகுப்பு ஒன்று அவரிடம் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம், பிழையில்லாத எழுத்து, வாங்கியவர் சந்தேகம் கேட்டால் பொறுமையான பதில், இவை மூன்றும் இருந்தும் மெதுவாகத்தான் நகரும். வீட்டுச் செலவை இதன் மேல் ஏற்றாதீர்கள்.

தெற்கே பெண்களின் ஊசிவேலைக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுத் தந்தார். அடிமைப்பட்ட வீட்டுப் பெண்கள் அந்த வருமானத்தால் விடுதலை வாங்கியதாகவும் பதிவு உண்டு. அவர் மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து அங்கேயும் லேஸைப் பரப்பினார். ஆந்திரத்து நரசாப்பூரில் லேஸ் பெரிய ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. அங்கே போய் ஆராய்ந்த மரியா மீஸ் 1982-ல் எழுதிய புத்தகம், பின்னிய பெண்களை 'சும்மா வீட்டில் இருப்பவர்கள்' என்று கணக்கெழுதியே வியாபாரிகள் எப்படிப் பணக்காரர்கள் ஆனார்கள் என்று காட்டுகிறது. கை பெண்ணுடையது, டிசைனும் சந்தையும் வேறொருவருடையது. அந்த இடத்தில்தான் எழுதிய செய்முறை ஒரு சின்ன மாற்றத்தைக் கொண்டு வருகிறது. டிசைனுக்கு உரியவர் பின்னியவரே.

காசுக்காக இல்லாமல் சும்மா பின்னியவர்களும் உண்டு. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸில் இடம் பிடித்தார்கள். பல ஊர்களில், பல நாடுகளில் இருந்த பெண்கள் துண்டு துண்டாகப் பின்னியதை ஒன்று சேர்த்தது அது. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே குறிப்பு போயிருக்காவிட்டால் அந்தத் துண்டுகள் ஒட்டியிருக்காது.

சட்டம் பற்றிக் கொஞ்சம். நீங்கள் எழுதிய சொற்களும் வரைந்த படமும் உங்கள் பதிப்புரிமை. அணில் யாருக்கும் சொந்தமில்லை. அடுத்தவர் கோப்பை வாங்கிப் பெயரை மாற்றி விற்பது திருட்டு. வீடியோவைப் பார்த்துக் கற்றதை அப்படியே எழுதி விற்பதும் அதற்குப் பக்கத்து வீடுதான். அந்தச் சிறுமி வீடியோவில் பார்த்தது பொதுவான அணில், வாலை மாற்றியதும் நிறத்தை மாற்றியதும் அவள் மூளை என்று தாய் எழுதியிருக்கிறார். நல்லது, இன்னும் மாற்றட்டும். பதினெட்டு நிறையாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது, ஆகவே கடைக் கணக்கு பெரியவர் பெயரில்தான் இருக்கும். ஆனால் பணம் பிள்ளையுடையது. வருமான வரிச் சட்டம்கூட இதில் நம்மைவிட நியாயமாக இருந்திருக்கிறது: மைனரின் மற்ற வருமானத்தைப் பெற்றோர் கணக்கில் சேர்த்தாலும், தன் திறமையால் சம்பாதித்ததை அப்படிச் சேர்ப்பதில்லை. பத்து வயது தாண்டியவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-ல் அனுமதித்துவிட்டது. நாலு டாலர் வந்தாலும் அதில் போடுங்கள். செய்முறையின் முதல் பக்கத்தில் அவள் பெயரைப் போடுங்கள். படத்தைப் போட வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம்.

எல்லாவற்றையும் விற்கத்தான் வேண்டுமா என்று நம்மில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அர்விந்த் குப்தா, 1978-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமங்களில் அறிவியல் கற்பிக்கப் போனார். சந்தையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தார். சைக்கிள் வால்வ் டியூபும் தீக்குச்சியும் கிடைத்தன. டியூபைத் துண்டு துண்டாக நறுக்கிக் குச்சிகளை இணைத்து முக்கோணம், சதுரம், வீடு, கோபுரம் என்று செய்ய வைத்தார். சிவகாசியில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் அடுக்கிய அதே குச்சிகளை வைத்து வேறொரு ஊர்ப் பிள்ளைகள் வடிவியல் படித்தார்கள். பிறகு அவர் நூற்றுக்கணக்கான பொம்மைகளைச் செய்து, செய்முறை அனைத்தையும் இணையத்தில் காசில்லாமல் கொடுத்துவிட்டார். இலைகளை ஒட்டி விலங்குகள் செய்வதும் அதில் உண்டு. தமிழிலும் அவர் எழுத்துகள் கிடைக்கின்றன. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

என் மனக்கணக்கு இப்படி. பனை ஓலைக் கிளி, வெட்டுக்கிளி, நுங்கு வண்டி, பூவரச இலைப் பீப்பி, வயர்க் கூடையில் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு: இவை ஊர்ச் சொத்து. யாராவது தன் பெயர் போட்டு விற்றால் எனக்குக் கோபம் வரும். இவற்றின் செய்முறையை நாம் எழுதி, படம் போட்டு, இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும். எழுதாமல் விட்டால் ஓலை மடிக்கத் தெரிந்த தாத்தாக்களோடு போய்விடும். ஒரு பெண் தானே யோசித்து, பிரித்துப் பிரித்துப் பின்னிக் கண்டுபிடித்த அணில் அவளுடையது. அதை இலவசமாகக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வராது. இந்த மாவட்டம் பெண்களின் வேலையை மலிவாக வாங்கியது போதும்.

அணில் என்றதும் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988-ல் சரணாலயம் அமைத்ததே சாம்பல் நிற அணிலுக்காகத்தான். இப்போது அந்தக் காடு 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் தவிர அந்த அணில் உலகில் வேறெங்கும் கிடையாது. முதுகில் நரை விழுந்த மாதிரி ரோமம், உடம்பைத் தாண்டி நீளும் வால், மர உச்சியில் இலைக்கூடு. நாற்பது நாட்டுக்காரர்கள் கரடி எழுதியிருக்கலாம். நம் நரை அணிலை எழுத நம்மைவிட யாருக்கு உரிமை? ராஜபாளையம் நாயின் இளஞ்சிவப்பு மூக்கு இருக்கிறது. மானாவாரிக் காட்டில் தலையாட்டும் ஓணான் இருக்கிறது. தீப்பெட்டி லேபிளிலும் பட்டாசுப் பெட்டியிலும் நாம் பார்த்து வளர்ந்த மயிலும் சேவலும் இருக்கின்றன. சாம்பல் நூலையும் வெள்ளை நூலையும் இரட்டையாகப் பிடித்துப் பின்னினால் நரை தானாக வரும் என்று அந்தச் சிறுமி கண்டுபிடித்திருக்கிறாள். அதை அவள் செய்முறையில்தான் படிக்க வேண்டும். இங்கே இதற்கு மேல் சொன்னால் அவள் வியாபாரத்தை நான் கெடுத்தவன் ஆவேன்.

ஆகவே அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில்: பொம்மை விற்க வேண்டாம். செய்முறையை அவள் சொல்லச் சொல்ல நீங்களோ உங்கள் தங்கையோ எழுதுங்கள். பரீட்சை முடியட்டும், அவசரமில்லை. கடை, கணக்கு, வாங்கியவர்களுக்குப் பதில் எல்லாம் பெரியவர்கள் வேலை. அவளுக்கு அடுத்த விலங்கு இருக்கிறது.

மற்றவர்களுக்கு: அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களைக் குழந்தைகளின் செய்முறைகளுக்கு ஒதுக்குகிறோம். ஓலையோ, மண்ணோ, வயரோ, நூலோ, தீப்பெட்டியோ, எதுவாக இருந்தாலும் சரி. பொம்மையின் படம் மட்டும் போதாது. எதை முதலில் எடுத்தீர்கள், எங்கே மடித்தீர்கள், எங்கே தப்பாகி மறுபடி செய்தீர்கள் என்று குழந்தையின் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். நாங்கள் பிழை திருத்துவோம், பேச்சைத் திருத்த மாட்டோம். நூல் விலங்கு என்றால் ஊசியின் அளவும் சுற்றுக்கணக்கும் அவசியம். கண்ணுக்குப் பொத்தான் வைத்தீர்களா, நூலாலேயே தைத்தீர்களா என்பதையும் எழுதுங்கள். வீட்டில் மூன்று வயதுக்குள் தம்பியோ தங்கையோ இருந்தால் நூல்தான். பொத்தான் வேண்டவே வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்